அலைக் கணக்கில் எல்லோரும் வழுக்கும் இடம்

சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறப்பது, அலகு எழுதாமல் விடுவது இதெல்லாம் இங்கே வேண்டாம். இரண்டு தேர்வில் மதிப்பெண் போனால் தானாகச் சரியாகிவிடும். அலைகளைப் புதிதாகப் படிப்பவர்கள், அந்த வயதில் நான் உட்பட, திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு. அதில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

அதிர்வெண் கூடினால் வேகம் கூடும் என்பது

வேகம் = அதிர்வெண் (நொடிக்கு எத்தனை அசைவு) × அலைநீளம் (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை). இதை எழுதிவிட்டு, "அதிர்வெண் இரண்டு மடங்கு, எனவே வேகமும் இரண்டு மடங்கு" என்று முடித்துவிடுகிறார்கள். சூத்திரம் சரி, அதைப் படிக்கிற விதம்தான் கோளாறு. அலையின் வேகத்தை முடிவு செய்வது ஊடகம், அதாவது அலை கடந்து போகும் காற்று, நீர் போன்ற பொருள். 20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், விசிலானாலும் முரசானாலும். இல்லையென்றால், தூரத்தில் நின்று இசை கேட்பவருக்குக் குழல் முன்னாலும் முரசு பின்னாலும் வந்து சேரும்!

ஒரு விடைத்தாள் நினைவுக்கு வருகிறது. 500 ஹெர்ட்ஸ் ஒலி காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகிறது. கேள்வியில் கொடுத்த வேகம் காற்றில் நொடிக்கு 340 மீட்டர், நீரில் 1480. காற்றில் அலைநீளம் 0.68 மீட்டர் என்று சரியாகவே கண்டுபிடித்த மாணவர், அதே 0.68-ஐ நீருக்கும் வைத்துக்கொண்டு, அதிர்வெண் 2176 ஹெர்ட்ஸ் என்று எழுதி, அழகாகக் கட்டமும் கட்டியிருந்தார். அடுத்த இரண்டு உட்பிரிவுகளும் அந்த எண்ணை நம்பியவை. மொத்தமும் போச்சு.

இதற்குச் சூத்திரமே வேண்டாம். நீர்ப்பரப்பை மட்டும் யோசியுங்கள். மேலிருக்கும் காற்று அதை நொடிக்கு 500 முறை தள்ளுகிறது. நீரும் 500 முறைதான் அசையும். மிச்சம் 1676 அசைவு எங்கிருந்து வரும்? அதிர்வெண்ணைத் தருவது ஒலி மூலம். எல்லை தாண்டினாலும் அது மாறாது. நீளுவது அலைநீளம்: 1480 ÷ 500 = 2.96 மீட்டர்.

ஒளிக்கும் இதே கதைதான். காற்றில் 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி, ஒளிவிலகல் எண் 1.5 உள்ள, அதாவது ஒளியின் வேகத்தை 1.5-ஆல் வகுத்துக் குறைக்கும், கண்ணாடிக்குள் 400 நானோமீட்டர் ஆகிறது. உடனே ஆரஞ்சு ஊதாவாகிவிட்டது என்று எழுதுபவர்களும் உண்டு. அதிர்வெண் மாறாதபோது நிறம் எப்படி மாறும்?

சரி, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் முப்பட்டகம்? அங்கே நிறத்துக்கு நிறம் வேகம் மாறுவது உண்மைதான். ஆனால் அதிர்வெண் அதிகமுள்ள ஊதா, சிவப்பைவிட மெதுவாகப் போகிறது. "இரண்டு மடங்கு" கட்சிக்கு இதுவும் கைகொடுக்காது.

கணக்கைத் தொடும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: மாறியது மூலமா, ஊடகமா? மூலம் என்றால் வேகத்தைத் தொடாதீர்கள். ஊடகம் என்றால் அதிர்வெண்ணைத் தொடாதீர்கள்.

வளைவைப் பார்த்ததும் அலைநீளம் குறிப்பது

கயிற்றில் ஓடும் அலையை வரைபடமாகக் கொடுத்தால், கிடை அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மீட்டர் என்றால் அது ஒரு கணத்தில் முழுக் கயிற்றையும் எடுத்த படம். முகட்டுக்கு முகடு அலைநீளம். நொடி என்றால் கயிற்றின் ஒரே புள்ளி ஏறி இறங்கிய வரலாறு. முகட்டுக்கு முகடு அலைவு நேரம். வளைவு இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். கேள்வி எடுப்பவர்களுக்கு அதுதான் வசதி.

வீச்சு (நடுநிலையிலிருந்து முகட்டின் உயரம்) இரு மடங்கு, ஆற்றலும் இரு மடங்கு

நான்கு மடங்கு.

எதிரெதிரே வரும் அலைகள் மோதித் திரும்பும்

திரும்பாது. ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும்.

கணுவிலிருந்து அடுத்த கணுவரை ஒரு அலைநீளம்

அதில் பாதி. கணு என்பது கயிறு ஆடும்போதும் அசையாமல் நிற்கும் புள்ளி; இரு கணுக்களுக்கு நடுவே ஒரு புடைப்பு. இரு முனையும் கட்டிய 1.2 மீட்டர் கயிறு மூன்று புடைப்புகளாக ஆடினால் அலைநீளம் 0.8 மீட்டர், 0.4 அல்ல.