'தி அவுட்சைடர்ஸ்' நாவலைக் கொண்டு தொனியையும் மொழிநடையையும் ஆராயக் கற்பிப்பது எப்படி?

ஒரு நாவலின் தொனி என்ன என்று கேட்டால், மாணவர்களில் பெரும்பாலோர் 'சோகமாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தச் சோகத்தை எந்தச் சொல் உண்டாக்கியது என்று அவர்களையே தேடவைப்பதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம். இதற்கு எஸ். இ. ஹின்டன் எழுதி 1967இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எடுத்துக்கொள்வோம். கதையைச் சொல்லும் போனிபாய்க்கு வயது 14.

முதல் படி: முதல் அத்தியாயத்தில் போனிபாய் தன் மூத்த அண்ணன் டாரியை அறிமுகப்படுத்தும் பகுதியை மட்டும் உரக்க வாசியுங்கள், விளக்கம் எதுவும் வேண்டாம்.

இரண்டாம் படி: கருத்தைக் கவர்ந்த சொற்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். டாரியின் கண்களை வெளிறிய நீலப்பச்சைப் பனிக்கட்டித் துண்டுகளுக்கு ஒப்பிடுகிறான் போனிபாய். பனிக்கட்டியை எடுத்துவிட்டு அங்கே கடலை வைத்து வாசிக்கச் சொன்னால், நிறம் ஏறக்குறைய அதுவாகவே இருக்க, தம்பியின் மனத்தாங்கல் மட்டும் மறைந்துவிடுவதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வார்கள். அவசரப்படாமல், ஒரு வகுப்பு நேரம் முழுவதையும் இந்தப் படிக்கே ஒதுக்கலாம்.

மூன்றாம் படி: இதன் பிறகே தொனிக்குப் பெயர் சூட்டவேண்டும். கசப்பு, ஏக்கம், எள்ளல், பரிவு போன்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதிவைத்து, தேர்ந்தெடுக்கும் ஒவ்வொன்றுக்கும் நாவலிலிருந்து ஒரு சான்று கேளுங்கள். கசப்பும் ஏக்கமும் சேர்ந்தே இருக்கின்றன என்று ஒரு மாணவி சொன்னால், அதற்குச் சான்றும் காட்டினால், அதுவும் சரியான விடையே.

நான்காம் படி: கதைசொல்லியின் பார்வையையும் ஆசிரியரின் பார்வையையும் பிரித்துக் காட்டுங்கள். பெற்றோர் விபத்தில் இறந்தபின், 20 வயது டாரி வேலைக்குப் போய்த் தம்பிகளைக் காப்பாற்றுகிறான் என்ற செய்தியும் போனிபாயின் வாயாலேயே வருகிறது. ஆனால் அதன் கனம் அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. வாசகருக்கு உறைக்கும்படி எழுதியவர் ஹின்டன்.

ஐந்தாம் படி: ஆறாம் அத்தியாயத்தில், மருத்துவமனையில் டாரி அழும் இடத்தை முதல் பகுதியோடு சேர்த்து வாசியுங்கள். அதே அண்ணனைப் பற்றிய சொற்கள் எங்கே இளகுகின்றன என்று குறிக்கச் செய்யுங்கள். தெருப்பையன்களின் கொச்சையில் பேசும் போனிபாயே சூரிய அஸ்தமனத்தை இவ்வளவு நுட்பமாக வருணிப்பதையும் கவனிக்கச் சொல்லலாம். அந்தக் கொச்சையைப் பிழையாகக் கருதித் திருத்தக் கூடாது; அதுவும் ஆராயவேண்டிய மொழிநடைதான்.

இறுதியாக, ஒவ்வொருவரும் ஒரு பத்தி எழுதட்டும்: தொனியின் பெயர், அதற்குச் சான்றான சொல், அந்தச் சொல் வாசகரிடம் செய்யும் வேலை. மதிப்பெண்ணில் பாதியையாவது மூன்றாவதற்கு ஒதுக்குங்கள்.