கோடையில் செம்மறிக்குட்டி எடை ஏற

சித்திரை வெயிலில் தரை காய்ந்துவிட்டால், செம்மறிக்குட்டி வயிறு நிறைய மேய்ந்தாலும் எடை ஏறாது. காய்ந்த புல்லில் நார்தான் அதிகம், புரதம் குறைவு. கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கோ எஃப்.எஸ். 29 ரகத் தீவனச் சோளத்தோடு, புரதம் மிகுந்த பயறுவகைத் தீவனமான வேலிமசாலும் போட்டு வையுங்கள். சோளத்தை விதைத்த 65 நாளில் அறுக்கலாம். வேலிமசால் முதல் அறுப்புக்கு 90 நாள் ஆகும், அப்புறம் 40 நாளுக்கு ஒருமுறை. தையிலேயே விதைத்தால்தான் சித்திரைக்குக் கைகொடுக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். தண்ணீரில்லாமல் வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்த கட்டையில் துளிர்க்கும் குருத்திலும் சயனைடு நஞ்சு இருக்கும். கொஞ்சம் தின்றாலே குட்டி மூச்சுத் திணறிச் சாய்ந்துவிடும். சோளம் பூக்கும் வரை ஆட்டை வயலுக்குள் விடாதீர்கள். நன்றாக உலர்த்திப் போட்டால் நஞ்சு பெருமளவு குறையும்.

சரி, கறி? புரதம் கிடைத்தால் தொடையும் முதுகும் திரண்டு வரும். முதுகுத்தண்டில் கை வைத்துப் பாருங்கள்; எலும்பு கூராகக் குத்தினால் விற்க அவசரப்படாதீர்கள். பசுந்தீவனம் தின்ற ஆட்டுக் கறியில் ஒமேகா 3 கொழுப்பும் சற்றுக் கூடுதல். இன்னொரு பயறுவகைத் தீவனமான குதிரைமசால் மட்டுமே போட்டால் கறியில் வாடை தூக்கலாக இருக்கும்; புல்லும் கலந்து போடுங்கள்.