உள்ளகப் புகார்க் குழு: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க, 2013 சட்டப்படி பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்தில் இந்தக் குழு இருக்க வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்தும் குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

"விடும்மா, நான் பேசிக்கிறேன்"

பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை. ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து சூப்பர்வைசர் தொடையில் கை வைக்கிறார். மறுநாளே அந்தப் பெண் எச்.ஆரிடம் சொல்லிவிடுகிறார். எச்.ஆர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார், ஒரு தாளிலும் எதுவும் ஏறவில்லை. நாலு மாதம் கழித்து அந்தப் பெண் எழுதிக் கொடுத்தால், "மூணு மாசம் தாண்டிடுச்சே, அதுவும் பஸ்ல நடந்தது" என்கிறது குழு. மறுநாளே வாய்விட்டுச் சொன்னவரிடம் இப்படிச் சொல்வதைக் கேட்டால் இன்றும் கொதிக்கிறது.

கம்பெனி விடும் பஸ்ஸும் 2013 சட்டப்படி பணியிடம்தான். மூன்று மாதக் கெடு கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து ஓடும். தக்க காரணத்தை எழுதி வைத்துக் குழு இன்னொரு மூன்று மாதம் வரை நீட்டலாம். ஆனால் வாயால் சொன்னால் கெடு நிற்காது, எழுத்துப் புகார் கொடுத்தால்தான் நிற்கும். ஆகவே சொன்ன அன்றே எழுதி வாங்குங்கள். எழுத வராதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதுங்கள்: தேதி, நேரம், எந்த பஸ், எந்த சீட், யார் பார்த்தார்கள். வாட்ஸ்அப் செய்தி இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு போனிலும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

சமரசம் பேச வேண்டுமானால் அந்தப் பெண்ணே கேட்க வேண்டும், அதுவும் விசாரணை தொடங்கும் முன். பணம் கொடுத்து முடிப்பது கூடவே கூடாது.

ஷிப்டை மாற்றுவது

புகார் கொடுத்தவரையே வேறு ஷிப்டுக்குத் தள்ளுவது அவரைத் தண்டிப்பதுதான். அவர் எழுதிக் கேட்டால் இடமாற்றமோ, மூன்று மாதம் வரை விடுப்போ குழு பரிந்துரைக்கலாம். எதிர்த்தரப்பை மாற்றவும் பரிந்துரைக்கலாம். அதை முதலில் யோசியுங்கள்.

நகல் கொடுக்காமல் விசாரிப்பது

7 வேலை நாளுக்குள் புகாரின் நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும், பதிலுக்கு அவருக்கு 10 வேலை நாள். இதை விட்டால், குற்றம் உண்மையாகவே இருந்தாலும் மேல்முறையீட்டில் முடிவு கவிழலாம். விசாரணையை 90 நாளில் முடியுங்கள். அடுத்த 10 நாளில் அறிக்கை.

வக்கீல்

குழு முன் இரு தரப்புக்கும் கிடையாது.

"நிரூபிக்கல, அப்ப பொய்"

இல்லை. ஆதாரம் போதாமல் போனதற்காகப் புகார் கொடுத்தவர்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. கெட்ட நோக்கத்தோடு கொடுத்தார் என்பதைத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும்.

முதலாளி மேலேயே புகார்

இதே சட்டப்படி மாவட்ட அளவில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்புங்கள்.