டெபியன் 13-இல் பாதியில் நின்ற ஓபன்சிவி: என் அனுபவம்

4 ஜிபி ராம் உள்ள என் பழைய மடிக்கணினியில், லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12 இருந்த காலத்தில், படங்களை அலசும் நிரலகமான ஓபன்சிவியை மூல நிரலிலிருந்து பலமுறை கம்பைல் செய்திருக்கிறேன், அதாவது இயங்கும் நிரலாக மாற்றியிருக்கிறேன். டெபியன் 13-ஐப் புதிதாக நிறுவியபின் அதே வேலை பாதியில் நின்றது. கம்பைலர் ‘கொல்லப்பட்டது’ என்று ஒற்றை வரி, அவ்வளவுதான்.

கம்பைலரான ஜி++ தொகுப்பை நீக்கி மீண்டும் நிறுவினேன். பயனில்லை. ராம் பழுதோ என்று இரவு முழுவதும் மெம்டெஸ்ட் ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. புது ராம் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் புறப்படவே தயாராகிவிட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன்: ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் நிற்கிறது. நிரலில் தவறென்றால் ஒரே இடத்தில்தானே நிற்கவேண்டும்? இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவைப் பார்த்தேன். நினைவகம் தீர்ந்ததால் கெர்னலே கம்பைலரைக் கொன்றிருந்தது.

முன்பு போதிய நினைவகம் இப்போது ஏன் போதவில்லை? நான் எப்போதும் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் (/tmp) அடைவில்தான் கம்பைல் செய்வேன். டெபியன் 13-இல் அந்த அடைவு இயல்பாகவே வட்டில் இல்லை, ராமில் இருக்கிறது. பாதி ராம் வரை எடுத்துக்கொள்ளும். உருவாகும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பும் கம்பைலரின் இடத்தையே தின்றுகொண்டிருந்தது. போதாததற்கு, ராம் நிறையும்போது கைகொடுக்கும் வட்டு இடமான ஸ்வாப்பை இம்முறை வைக்கவும் மறந்திருந்தேன்.

மூலக் கோப்புகளை ஹோம் அடைவுக்கு மாற்றி, 4 ஜிபி ஸ்வாப் கோப்பு உருவாக்கி, கம்பைலை நடத்தும் மேக் கட்டளையில் ஒரே நேரத்தில் ஓடும் பணிகளை எட்டிலிருந்து இரண்டாகக் குறைத்தேன். மூன்று நாள் அலைச்சலுக்குப் பின் பெரும் நிம்மதி. நேரம் கூடுதலாக ஆனது. ஆனால் ஒரு கோப்பிலும் நிற்கவில்லை.