மறுமணத்தால் கலந்த குடும்பத்தில் யாருக்கு யார் எவ்வளவு ரத்த சொந்தம்? கணக்குப் போடும் வழி

ஒரு பெரிய தாளும் பென்சிலும் எடுங்கள். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டி வரும். அண்ணன், சின்னம்மா, மாமா என்று கூப்பிடுகிற முறையை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் மேலே பெற்ற அம்மா, பெற்ற அப்பா என்று இரண்டே கோடு போடுங்கள். கல்யாணத்துக்குக் கோடு கிடையாது. வளர்த்தவருக்கும் கிடையாது (மனசு கேட்காவிட்டால் புள்ளிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் போடுவேன்).

இப்போது ஒருவரிடமிருந்து மேலே ஏறி, இருவருக்கும் பொதுவான முன்னோரைத் தொட்டு, மற்றவரிடம் இறங்குங்கள். நூறில் தொடங்கி ஒவ்வொரு படிக்கும் பாதியாக்க வேண்டும்; கிடைப்பது இருவருக்கும் பொதுவான டிஎன்ஏவின் பங்கு. ஒரே அப்பா, வேறு அம்மா என்றால் இரண்டு படி, 25 சதவீதம். அம்மாவும் ஒன்றே என்றால் அந்த வழியில் இன்னொரு 25, ஆக 50. பெரியப்பா பிள்ளைகள் நாலு படி, தாத்தா வழியில் 6.25, பாட்டி வழியில் 6.25, ஆக 12.5. உங்கள் அப்பா இரண்டாவதாகக் கட்டியவரின் முந்தைய கணவருக்குப் பிறந்த பையன், உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்திருந்தாலும் பூஜ்யம்தான். ஆனால் அப்பாவுக்கும் அவருக்கும் பிறகு பிறந்த கடைக்குட்டி உங்களுக்கும் 25, அந்தப் பையனுக்கும் 25. பலர் தடுமாறுவது இங்கேதான். அவள் இரண்டு பேருக்கும் ரத்தம் என்பதால் நீங்கள் இரண்டு பேரும் ரத்தம் ஆகிவிட மாட்டீர்கள்.

சரி, இது எந்த ஊர்க் குடும்பத்துக்கும் பொருந்தும். தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரத்துத் தமிழ்க் குடும்பங்களில் சிக்கல் என்னவென்றால், ஒரே இரண்டு பேருக்கு நடுவில் இரண்டு மூன்று வழி ஓடும், எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தாத்தா என்று வைத்துக்கொள்வோம். முதல் மனைவி பிரசவத்தில் போய்விட, கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று இறந்தவரின் தங்கையையே தாத்தாவுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். இரண்டு தாரத்துப் பிள்ளைகளுக்கும் அப்பா வழியில் 25. அம்மாக்கள் கூடப் பிறந்தவர்கள் ஆகையால் அந்த வழியில் 12.5, மொத்தம் 37.5. டிஎன்ஏ சோதனை அரை உடன்பிறப்பா முழு உடன்பிறப்பா என்று கேட்டால் இவர்கள் நடுவில் நிற்பார்கள், அதைப் பார்த்து யாரும் பாட்டியைச் சந்தேகப்பட வேண்டாம். தாய்மாமனைக் கட்டிய பெண்ணின் பிள்ளை இன்னும் வேடிக்கை. அம்மாவைப் பெற்ற பாட்டியே அவனுக்கு அப்பாவின் அக்காவும் ஆகிறார், பாட்டியாக 25ம் அத்தையாக 25ம் சேர்ந்து 50, மற்ற வீடுகளில் பெற்ற தாய்க்கு இருக்கும் அளவு!

இவை சராசரிகள். பெற்றவரிடமிருந்து வருவது மட்டும் அச்சாகப் பாதி. முழு உடன்பிறப்பில்கூட 50க்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ வரும். சோதனை அறிக்கையில் பொதுவான டிஎன்ஏவின் நீளத்தைச் சொல்லும் சென்டிமார்கன் என்று ஓர் அளவு இருக்கும், 25 சதவீதத்துக்கு ஏறக்குறைய 1700 வரும். அரை உடன்பிறப்பு, தாத்தா, சித்தப்பா மூன்றும் அங்கேதான் விழும், வயதைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோமைக் காட்டி இவர்தான் அப்பா என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பெரியப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதேதான்.

குடும்பப் பெயரும் ஆதாரமில்லை. பிள்ளை, நாயுடு, கோவெண்டர், மூட்லி எல்லாம் பட்டப் பெயராக வந்தவை, ஒரே தெருவில் நாலு கோவெண்டர் வீடு இருந்தால் நாலும் சொந்தம் என்று அர்த்தமில்லை. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் மாகாணம்) ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியல்களில் ஆளுக்கு ஓர் எண், அப்பா பெயர், ஊர் எல்லாம் இருக்கிறது; அந்த எண் கிடைத்தால் பெயரைவிட அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், டாக்டர் கேட்கும் குடும்ப வரலாற்றுக்கு இந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் உண்டு, பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவின் அரை அண்ணனுக்கு நாற்பது வயதில் மாரடைப்பு என்றால் வயதோடு எழுதுங்கள். வளர்ப்பு அப்பாவுடையதை எழுத வேண்டாம், அவரோடு எவ்வளவு ஒட்டுதலாக இருந்தாலும்.