ஜப்பான்காரன் காலத்தைப் பெரியவர்களிடம் கேட்பது எப்படி?

மலேசியாவை ஜப்பான் பிடித்து வைத்திருந்த 1942-45 பற்றிக் கேட்கப் போகிறீர்களா? முதலில் சாப்பாட்டைக் கேளுங்கள். மரவள்ளிக்கிழங்கு என்று மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூன்று இனத்தவரும் சொல்வார்கள். வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டும் பேச்சில் வரும். அப்புறம்தான் பாதை பிரியும்.

எங்கள் தெருச் சீனப் பாட்டிக்கு அது சீன ஆண்களை ஜப்பான் படை லாரியில் ஏற்றிப் போய்ச் சுட்ட காலம். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவரோ, ஜப்பான் சரணடைந்ததும் காட்டிலிருந்து இறங்கிய, ஜப்பானை எதிர்த்த, பெரும்பாலும் சீனர்களான கெரில்லாக்களுக்குப் பயந்த கதையைத்தான் பேசினார். என் வீட்டிலேயே இரண்டு கதை: தாத்தாவின் அண்ணன் ஜப்பான்காரனின் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் போய்த் திரும்பவில்லை. தாத்தாவோ, ஜப்பானோடு சேர்ந்து வெள்ளையனை எதிர்த்த நேதாஜி படையில் சேர்ந்ததைப் பெருமையாகச் சொல்வார்.

ஆகவே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். நான் ஒரு தீபாவளியன்று மூவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டேன். முறுக்குத் தட்டை யாரும் தொடவில்லை.

இப்போது மிஞ்சியிருப்பவர்கள் அன்று சிறுபிள்ளைகள். அதனால் பிறந்த ஆண்டையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள்; கண்டதா, கேட்டதா என்று ஓரளவு பிடிபடும். தேதியைத் தப்பாகச் சொன்னால் குறுக்கே திருத்தாதீர்கள், ஓரமாக எழுதிவையுங்கள். "யார் மேல் தப்பு?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். "அப்போது வீட்டில் யார் இல்லை?" என்று கேளுங்கள். அதற்குத்தான் என் தாத்தா, அண்ணன் பெயரை முதல்முறையாகச் சொன்னார்.