கத்தி அடிக்கப் பழகும் பிள்ளைக்கு அப்பா சொல்லாமல் விடுபவை

பட்டறை உள்ள வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை ஒரு நாள் "நானும் ஒரு கத்தி அடிக்கட்டுமாப்பா?" என்று கேட்கும். அதற்கப்புறம் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் அப்பா கணக்கில்தான் எழுத வேண்டும். பல வருடம் உலை முன்னால் நின்றவருக்குக் கண்ணும் கையும் தானாக ஓடும். எதைப் பார்த்து எதைச் செய்கிறோம் என்று அவர் யோசிப்பதே இல்லை. அதனால் "பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார். பிள்ளை சுத்தியலையே பார்த்துக்கொண்டிருக்கும். நெருப்பைப் பார் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் தவறு இரும்பு எடுப்பதிலேயே நடக்கும். பழகுகிற பிள்ளைதானே என்று மூலையில் கிடக்கும் கட்டடக் கம்பியையோ ஆங்கிள் துண்டையோ கொடுப்பார்கள். சாதா இரும்பில் கார்பன் 0.25 சதவீதத்துக்கும் கீழே. அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும், அதாவது சூட்டோடு எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினாலும், கத்திக்கு வேண்டிய கடினம் வராது. பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு வண்டி ஸ்பிரிங் பட்டையை எடுப்பது சும்மா இல்லை. அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். ஆனால் லாரிப் பட்டை தடிமனானது. அதை நீட்டுவதற்குள் பிள்ளையின் தோள் போய்விடும். குட்டியானை வண்டியின் பட்டை கிடைத்தால் நல்லது. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் வெட்டி எடுக்காதீர்கள். ஜிஐ பைப், துத்தநாகப் பூச்சுள்ள எதையும் உலையில் வைக்கக் கூடாது. அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

அடுத்தது வெளிச்சம். பட்டறை ஏன் இருட்டாக இருக்கிறது என்று எந்த அப்பாவும் விளக்கிச் சொல்வதில்லை. பிள்ளைக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று உலையை முற்றத்து வெயிலுக்கு மாற்றினால் காரியம் கெட்டது. வெயிலில் சிவப்பு தெரியாது. போதவில்லை போதவில்லை என்று துருத்தியைப் போட்டுக்கொண்டே இருந்தால் இரும்பு வெளுத்துப் பொறி கக்கும். பொறி கக்கிய இரும்பு எரிந்த இரும்பு, அந்தப் பகுதியை வெட்டித்தான் எறிய வேண்டும். எரிவதற்கு முன்பே, அதிகச் சூட்டில் நேரம் கூடினால் இரும்புக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் பருத்துவிடும்.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரே பட்டையிலிருந்து மூன்று துண்டு வெட்டுங்கள். ஒன்றை மங்கிய சிவப்பிலும், ஒன்றைச் சரியான சூட்டிலும், ஒன்றை மஞ்சள் வெளுக்கும்வரை காய்ச்சியும் எண்ணெயில் போடுங்கள். ஆறியதும் வைஸ் பிடிப்பானில் இறுக்கி, துணி சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு உடைக்கச் சொல்லுங்கள். முதல் துண்டு உடையாமல் வளையும். இரண்டாவது உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். மூன்றாவதில் ரவை ஒட்டியதுபோல் மணிமணியாகத் தெரியும். ஒரு சனிக்கிழமை இதற்குப் போனால் போகட்டும். முதல் கத்தியைவிட இந்த மூன்று துண்டும் பிள்ளைக்கு அதிகம் சொல்லித்தரும். சரியான சூடு எது என்பதற்குக் காந்தம் போதும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும், அதற்குக் கொஞ்சம் மேலே தோய்ச்சல் சூடு. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டித் தூணில் தொங்கவிடுங்கள். "எனக்குக் கண்ணே போதும்" என்பது அப்பாவுக்குச் சரி, பிள்ளைக்கு இன்னும் அந்தக் கண் வரவில்லை.

தோய்ச்சலில் அவசரம் கூடவே கூடாது. கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, அடித்தே மெல்லிசாக்கிவிட்டுத் தோய்த்தால் நெளியும், இல்லாவிட்டால் விரியும். வாய்ப்பக்கம் 1 மில்லிமீட்டராவது தடிமன் இருக்கட்டும், மிச்சத்தைச் சாணையில் எடுத்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் பட்டையை முழுசாகத் தண்ணீரில் இறக்கினால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அன்றைய உழைப்பு அதோடு முடிந்தது. சமையல் எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி, உயரமான இரும்புப் பாத்திரத்தில் ஊற்றி, கத்தியை நேராக இறக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி வேண்டவே வேண்டாம். எண்ணெய் பற்றிக்கொண்டால் மூட ஒரு தகரத் தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கழிவு என்ஜின் ஆயில் சும்மா கிடைக்கிறதே என்பார்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

தோய்த்த கையோடு வேலை முடிந்துவிடாது. அந்த நிலையில் கத்தி கீழே விழுந்தாலே உடையலாம். மறுபடி மிதமாகச் சூடாக்கி அந்தக் கடினத்தைக் கொஞ்சம் இளக்க வேண்டும். வாயை மட்டும் தோய்த்து, முதுகில் நிற்கும் சூடு திரும்பி வர, வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று ஓடும் நிறத்தைப் பார்த்துச் சரியான இடத்தில் நிறுத்துவது பழைய முறை. அழகான வித்தைதான், ஆனால் சில விநாடியில் தவறிவிடும். பழகும் பிள்ளைக்கு வீட்டு ஓடிஜி அடுப்பே மேல். எண்ணெயைத் துடைத்துவிட்டு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். காய் நறுக்கும் கத்திக்கு அது போதும்.

சூட்டில் காயம் படுவது பெரும்பாலும் சிவந்த இரும்பால் இல்லை, கறுத்த இரும்பால். 400 டிகிரியில் இருக்கும் துண்டு வெளிச்சத்தில் ஆறிய இரும்பாகவே தெரியும். அனுபவசாலி எதையும் எடுக்குமுன் புறங்கையை மேலே காட்டிப் பார்ப்பார், ஆனால் அதைச் சொல்லித்தர மாட்டார். சொல்லுங்கள். பாலியெஸ்டர் டீ சர்ட்டில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும், பருத்திச் சட்டை போடச் சொல்லுங்கள். கிரைண்டர் சக்கரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைப்பது நம் ஊர்ப் பட்டறைகளின் கெட்ட பழக்கம். லுங்கி, கழுத்துத் துண்டு, கையுறை எதுவும் சுற்றும் சக்கரத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது. மெருகேற்றும் பஃப் சக்கரம் கத்தியைப் பிடுங்கி எறியும், அதைப் பெரியவர்களே செய்யட்டும். சாணையில் வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது, அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும்.

பிள்ளைகள் முதலிலேயே வாளுக்கு ஆசைப்படுவார்கள். வீடு, விவசாயம், தொழில் தவிர வேறு காரியத்துக்கான, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி இந்தியாவில் ஆயுத விதிகளுக்குள் வரும். அரிவாளோடு ரீல்ஸ் போட்டு வழக்கில் மாட்டிய பையன்கள் தமிழ்நாட்டில் உண்டு. காய்கறிக் கத்தியில் தொடங்கட்டும், வீடியோ எடுத்தால் வெங்காயம் நறுக்குவதை எடுக்கட்டும்.

இன்னொன்று. 1953-ல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழில் பழகட்டும் என்றபோது எழுந்த எதிர்ப்பில் திட்டமே அடுத்த வருடம் கைவிடப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. சனி, ஞாயிறில் ஆசையாகப் பழகுவது வேறு, ஆர்டர் முடிக்க ஆள் இல்லை என்று பிள்ளையைச் சம்மட்டிக்கு நிறுத்துவது வேறு. 18 நிரம்பாதவரை ஆபத்தான தொழிலில் வேலைக்கு வைக்க 2016-ன் சட்டத் திருத்தமும் தடை போடுகிறது.

அப்புறம், கத்தி கோணலாக வந்தால் சுத்தியலைப் பிடுங்கி நிமிர்த்திக் கொடுக்காதீர்கள். வெட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். கடைசியில் பிடி போடும்போது பிடிக்குள் போகும் காம்பைக் காய்ச்சி மரத்தில் இறக்குவதானால், மற்றக் கத்தி முழுவதையும் ஈரத்துணியால் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சூடு ஏறி, பாடுபட்டுப் போட்ட தோய்ச்சலை இளக்கிவிடும்.